நாற்பத்தெட்டாவது வௌவால்

செண்பகவல்லிக்குக் கட்டிலில் படுத்தால் தூக்கம் வராது. மெத்தையை மாற்றிப் பார்த்தாள், தலைமாட்டுத் திசையை மாற்றிப் பார்த்தாள், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைப் பாதியாகவும் முழுசாகவும் விழுங்கிப் பார்த்தாள். கண்ணை மூடினால் கூரை தெரியுமே தவிரத் தூக்கம் வராது. ஆனால் மத்தியானம் ஒரு மணிக்கு, கரடிப்புடவுச் சுரங்கத்துக்குள் இருநூறு அடி நடந்து, டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பாறைமேல் ஒரு சாக்கை விரித்துச் சாய்ந்தால் போதும். யாரோ விளக்குத் திரியை உள்ளே இழுத்தமாதிரி உலகம் தணிந்துவிடும்.

தணிந்த பிறகுதான் விசேஷம்.

முதலில் இருட்டு. அவள் ஒரு சின்னச் சத்தம் போடுவாள். அது போய் எதன்மேலோ பட்டுத் திரும்பும். திரும்பிய இடத்தில் ஒரு வளைவு முளைக்கும். இன்னொரு சத்தம், ஒரு தூண். வெளியே தூறல் போட்டால் இருட்டு முழுக்கச் சரிகை ஓடும். பூச்சி ஒன்று கடந்தால் அது ஒரு மணி. சுற்றிலும் மற்றவர்கள். எத்தனை பேர் என்று எண்ணத் தோன்றாது, ஆனால் எல்லோரும் இருக்கிறார்கள் என்பது, கைவிரல் ஐந்தும் இருப்பதை எண்ணிப் பார்க்காமலே தெரிகிறமாதிரி தெரியும். அவள் கூப்பிட்டால் குரல் அவர்கள்மேல் பட்டுத் திரும்பி வரும். வந்த பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்கே விளங்கும்.

மூன்று மணிக்குச் சுரங்க வாயிலிலிருந்து ஒரு கூப்பாடு வரும்.

"ஏளா செம்பகம்! தூங்குததுக்கா உன்னைய வேலைக்கு வச்சிருக்கு?"

அவள் புருஷன் மாசானமுத்து. நிறுவனத்துக்கு ஜீப் ஓட்டுகிறவர். இப்போது வருகிற பாட்டரி ஜீப்புக்குச் சத்தம் கிடையாது, பூனை மாதிரி வந்து நிற்கும். ஆகவே மாசானமே ஹாரன்.

அவள் வேலை வௌவால் அளப்பது. தென்மண்டல உயிர்வகை நிறுவனத்தில் தொழில்நுட்ப உதவியாளர், நிலை இரண்டு. முப்பது வருஷமாக நிலை இரண்டு. வலையில் விழுந்ததைத் துணிப்பையில் போட்டு, வெர்னியர் அளவுகோலை வைத்து முன்கை நீளம், காது நீளம், வால் நீளம் குறித்துவிட்டு, திரும்பப் பறக்கவிட வேண்டும். அவள் அளந்த வௌவால்களை வைத்து ஏழு பேர் முனைவர் ஆகியிருந்தார்கள். ஒவ்வொரு ஆய்வேட்டின் முதல் பக்கத்திலும், கடவுளுக்கும் பெற்றோருக்கும் பிறகு, கேன்டீன்காரருக்கு முன்னால், அவளுக்கு நன்றி இருக்கும்.

கரடிப்புடவில் இருந்தவை நாற்பத்தேழு. கட்டைவிரல் பருமன், ஐந்தாறு புளியங்கொட்டை எடை. அளவெல்லாம் சாதாரணக் குட்டி வௌவாலின் அளவு. எந்த வீட்டு ஓட்டிடுக்கிலும் இருக்கிற ஜாதி என்று புத்தகம் சொன்னது. செண்பகவல்லி மட்டும் ஒன்றைப் பார்த்திருந்தாள். இவை வரிசையாகத் தொங்கும்போது ஒவ்வொன்றும் இறக்கையின் கட்டைவிரலைப் பக்கத்தில் தொங்குவதன் தோளில் வைத்துக்கொள்ளும். ஓட்டிடுக்கு வௌவால் அப்படிச் செய்யாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் 'குறிப்புகள்' என்ற கட்டத்தில் "இவை வேறு" என்று எழுதினாள். இயக்குநர் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் எழுதியிருந்தார்: "உதவியாளர் அளக்கலாம். கருதக் கூடாது."

அதோடு அவள் கருதுவதை நிறுத்திக்கொண்டாள், காகிதத்தில்.

இந்த வருஷம் சிக்கல் வேறு ரூபத்தில் வந்தது. அந்தச் சுரங்கம் என்றோ ஒரு மின்திட்டத்துக்காகக் குடைந்து பாதியில் கைவிட்டது. உள்ளே சித்திரை வெயிலிலும் குளுகுளுவென்று இருக்கும். அமைச்சர் பெருமக்களின் உரைகள் அத்தனையும் ஒலியாகவும் ஒளியாகவும் காலகாலத்துக்கும் அழியாமல் இருக்க ஒரு பெட்டகம் வேண்டும், அந்த எந்திரங்கள் சூடாகாமல் இருக்கக் குளிர்ச்சியான இடம் வேண்டும் என்று அரசு தேடியபோது, கரடிப்புடவு கண்ணில் பட்டது. ஆவணி முதல் தேதி வேலை தொடங்கும்.

"அப்ப இதுகள?" என்று மாசானம் மேலே கையைக் காட்டிக் கேட்டார்.

"புகை போட்டு வெளியேத்துவாங்க. 'மாற்றிடத்துக்கு ஊக்குவித்தல்'னு போட்டிருக்கு."

"சட்டம் இருக்குல்லா? அன்னைக்கு ஏதோ ஒரு தவளைக்காக ரோட்டையே வளைச்சுப் போட்டானுவ."

"அந்தத் தவளை வேற எங்கயும் இல்லைங்க. அது தனி இனம். தனி இனம்னு அச்சுல வந்துட்டா அது இருக்கிற இடத்துல ஒரு கல்லைக்கூட நகட்ட முடியாது. இதுகதான் ஓட்டிடுக்கு வௌவாலாச்சே, புத்தகப்படி."

"நீதான் வேறங்கியே."

"நான் நிலை இரண்டு" என்றாள் செண்பகவல்லி.

அந்தச் சமயத்தில்தான் கனவுமானி வந்தது.

அது இயக்குநர் முனைவர் ஞாலமாறனின் மூளைக்குழந்தை. ஞாலமாறன் பெரிய மனிதர். அவர் அறைக்கு வெளியே பெயர்ப்பலகையில் பெயர் ஒரு வரி, பட்டங்கள் ஐந்து வரி. நூறு மேடையில் செந்தமிழ் பேசிப் பழகி, வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட "பருகுநீர்" என்பார் என்று ஒரு பேச்சு உண்டு. எந்திரத்தை மாட்ட அவரே சுரங்கத்துக்கு வந்தார். ஒரு வாழைப்பூ அளவுக் கருவியைப் பாறைக்கூரையில் ஒட்டிவிட்டு, நாற்பத்தேழு வௌவால்களும் செண்பகவல்லியும் மாசானமும் அடங்கிய அவையை நோக்கி முழங்கினார்.

"எலும்பை அளந்து இனம் பிரித்த காலம் மலையேறிவிட்டது. துயிலும் உயிரின் காது துடிக்கிறது, தொண்டை துடிக்கிறது. அத்துடிப்பிலிருந்து அதன் கனவை இக்கருவி மீட்டெடுக்கும். கனவு ஒன்றானால் இனம் ஒன்று! இதுவே என் கோட்பாடு."

"கனவு எப்படி சார் ஒண்ணாகும்?" என்றார் மாசானம். "நானும் இவளும் முப்பது வருஷமா ஒரே வீட்லதான் படுக்கோம்."

"ஒரே காட்சி என்று பொருளல்ல, ஓட்டுநரே. ஒருவர் கனவில் மற்றவர் இருக்க வேண்டும். மற்றவர் கனவில் இவர் இருக்க வேண்டும். அப்படிப் பின்னிக்கிடக்கும் உயிர்கள் யாவும் ஓரினம். திரையில் ஒவ்வொரு உயிரும் ஒரு புள்ளி. பின்னிக்கிடந்தால் புள்ளிகள் கூடும். இல்லையேல் விலகும்."

"எத்தனை புள்ளி சேந்தா இனம் சார்?" என்றாள் செண்பகவல்லி.

"நாற்பத்தெட்டு."

அந்த எண் ஒரு மண்டல விரதத்தின் நாள்கணக்கு என்பது தற்செயல் என்று அவர் கட்டுரையின் அடிக்குறிப்பு சொன்னது. புள்ளியியல் காரணம் ஒன்றும் இருந்தது. அது எண்ணைவிட இரண்டு மாதம் இளையது.

செண்பகவல்லி கூரையை ஒருமுறை எண்ணினாள். பிறகு இன்னொருமுறை. இவர் விரதத்துக்கு நாற்பத்தைந்து நாள் போதும் என்று வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

ஒரு வாரம் கழித்துக் கணினித் திரையில் முடிவு வந்தது. பார்த்தவள் உட்கார்ந்துவிட்டாள். புள்ளிகள் கடுகை ஒரு குழியில் கொட்டியமாதிரி ஒன்றாக மொய்த்துக்கிடந்தன. ஒப்பிடுவதற்காக முன்பே பதிவுசெய்திருந்த ஓட்டிடுக்கு வௌவால்களின் புள்ளிக்கூட்டம் எங்கோ தூரத்தில் தனியாக இருந்தது. அவள் எழுதியது சரிதான், இவை வேறு. ஆனால் அவள் உட்கார்ந்தது அதற்காக இல்லை. கீழே எழுதியிருந்த எண்ணிக்கைக்காக.

நாற்பத்தெட்டு.

டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் எண்ணினாள். நாற்பத்தேழு. விரிசலில் ஏதாவது ஒளிந்திருக்குமோ என்று குச்சிவிட்டுப் பார்த்தாள். இல்லை. திரும்பவந்து, புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றின் நேரம் மட்டும் வேறு. மற்ற புள்ளிகள் காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை எரிந்தன. இது தினமும் மத்தியானம் ஒன்று பத்துக்கு எரிந்து மூன்று மணிக்குச் சட்டென்று அணைந்தது. ஞாயிற்றுக்கிழமை வரவேயில்லை.

"ஏங்க," என்றாள் அன்று ஜீப்பில் திரும்பும்போது, "எந்திரம் என்னையையும் சேத்து எண்ணிருச்சு."

மாசானம் ஜீப்பை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வௌவால் வீட்டுக்கு விருந்துக்குப் போனா தலைகீழாத் தொங்கணும்பாங்க. நான் வௌவாலையே கட்டியிருக்கேனா?"

"சிரிக்காதீங்க. நான் சொல்லிட்டேன்னா நாப்பத்தேழு. நாப்பத்தேழுன்னா புகை."

அவர் சிரிப்பு நின்றது. "அங்க படுத்தா நெசமாவே தூக்கம் வருதா உனக்கு?"

"வருது."

"அப்ப வாயை மூடிட்டு இரு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் முழுக்க மூடவில்லை. இயக்குநர் புதிய இனத்துக்குப் பெயர் தேடித் தன் பட்டங்களையே ஒவ்வொன்றாக அதன்மேல் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஃபைலை நீட்டியவாறே அடக்கமாகச் சொன்னாள்: "சார், நம்ம அமைச்சர் பேர்ல இதுவரைக்கும் பஸ் ஸ்டாண்டுதான் இருக்கு. உயிர் எதுவும் இல்லை."

ஞாலமாறன் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு பெரிய சிந்தனை தனக்குள் உதிப்பதைப் பரவசத்துடன் கவனித்தார். "அம்மையீர், இப்பொழுதுதான் எனக்கொரு எண்ணம் தோன்றுகிறது" என்றார்.

அமைச்சர் பெயருக்கு ஒரு லத்தீன் வால் ஒட்டி அரசிதழில் வந்தது. விழா நடந்தது. தன் பெயருள்ள பிராணி தலைகீழாகத் தொங்கும் என்று கேட்டதும் அமைச்சர் சற்றுக் கலங்கி, "கட்சி மாறப்போறேன்னு எழுதுவானுகளேய்யா" என்றாராம். அது உலகில் வேறெங்கும் இல்லாத ஒரே இனம் என்றதும் மனம் தேறிவிட்டார். தன் பெயரைத் தானே புகைபோட்டு விரட்ட எந்த அமைச்சருக்கும் மனம் வராது. பெட்டக வேலை நிறுத்திவைக்கப்பட்டது.

எல்லாம் நன்றாகவே முடிந்திருக்கும், அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வராதிருந்தால்.

வகைப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது இனத்துக்குப் பெயர் வைத்தால், இதுதான் அது என்று காட்ட ஒரு உடம்பைப் பெயர்ச்சீட்டுக் கட்டி ஜாடியில் போட்டுவைக்க வேண்டும். அதுதான் மாதிரி உயிர். நாளைக்கு யார் சந்தேகப்பட்டாலும் ஜாடியைத் திறந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். எந்த உயிரின் கனவு மிகத் தெளிவாகப் பதிவானதோ அதையே மாதிரியாகக் கொள்க என்று ஞாலமாறன் எந்திரத்துக்குக் கட்டளையிட்டிருந்தார். எந்திரமும் கொண்டது. அரசிதழில் அச்சாகியும்விட்டது: மாதிரி உயிர், எண் 48.

கடிதத்தில் மூன்றே வரி. எண் 48-ஐ எழுபது விழுக்காடு சாராயத்தில் ஊறவைத்து, முப்பது நாளுக்குள் ஒப்படைக்கவும்.

"சாராயத்துலயா?" என்றார் மாசானம். "என்னையக் கேட்டிருந்தா நானே போயிருப்பேனே."

சிரிக்கத்தான் சொன்னார். அன்று இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒரு வழி இருந்தது. மறுநாள் காலை செண்பகவல்லி ஏணியில் ஏறி, வரிசையின் ஓரத்தில் தொங்கியதைத் துணிப்பையில் எடுத்தாள். சீட்டில் 48 என்று எழுதிக் கட்டிவிட்டால் தீர்ந்தது. எந்த முனைவருக்கும் வித்தியாசம் தெரியாது. அவர்கள் வௌவாலை ஜாடியில்தான் பார்த்திருக்கிறார்கள். பைக்குள் கையைவிட்டாள். அது கண்ணைத் திறக்கவில்லை. தூக்கத்திலேயே துழாவி, அகப்பட்ட அவள் சுட்டுவிரல்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு தூங்கியது. பக்கத்தில் யார் இருந்தால் என்ன, இருந்தால் சரி என்கிற மாதிரி.

அவள் அதைத் திரும்பக் கூரையில் ஏற்றிவிட்டு, கை கழுவாமலே ஜீப்பில் ஏறினாள். "நிறுவனத்துக்கு விடுங்க."

ஞாலமாறன் அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். கேட்கக் கேட்க அவர் செந்தமிழ் சட்டைப் பொத்தான் கழல்வதுபோல ஒவ்வொன்றாகக் கழன்றது.

"என்னம்மா உளறுகிறாய்... நீ எப்படி... ஏம்மா, அச்சாயிடுச்சேம்மா!"

"வாபஸ் வாங்க முடியாதுங்களா சார்?"

"பெயர் வச்சா வச்சதுதான். எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது, அதுதான் விதி! அதோட அமைச்சர்..." அவர் நாற்காலியில் சரிந்தார். "ஒரு வழிதான். சபையைக் கூட்டறேன். நீ மனுஷின்னு நிரூபிச்சிடுவோம். எந்திரம் ஒரேயொரு புள்ளியில தடுமாறிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"அப்ப நாப்பத்தேழு ஆயிருமே சார்."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

புது இனங்களின் பெயரை உறுதிசெய்கிற உயிர்ப்பெயர்ச் சபையில் ஞாலமாறனையும் சேர்த்துப் பதினொரு பேர். பத்து ஆண்கள், ஒரு பெண். அந்த ஒருவர் பாளையங்கோட்டை ஞானாபாய் டீச்சர். எழுபது வயது. ஆண் வௌவாலின் மறைவான ஓரிடத்தில் அரிசிமணி அளவில் ஓர் எலும்பு உண்டு. அதன் வடிவத்தைப் பார்த்துத்தான் குட்டி வௌவால்களை இனம் பிரிப்பது பழைய முறை. அந்த எலும்பில் உலகத்திலேயே ஐந்து நிபுணர்கள், அதில் டீச்சர் ஒருவர். சபையில் அவர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் பத்து ஆண்களும் ஃபைலுக்குள் குனிந்துகொள்வார்கள்.

"இந்தம்மா மனுஷியா இல்லையான்னு எப்படிய்யா பாப்பீங்க?" என்றார் டீச்சர், வலைப்பின்னல் ஊசியைக் கீழே வைக்காமல். "மனுஷக் கனவு எங்க பதிஞ்சிருக்கு ஒப்பிட? இதுவரைக்கும் வௌவாலை மட்டுந்தானே தூங்கவச்சுப் பாத்திருக்கீங்க?"

சபை ஒருவரையொருவர் பார்த்தது. நியாயமான கேள்வி என்பதால் யாருக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் எந்திரத்தைச் சபை மண்டபத்தின் மின்விசிறிக் கொக்கியில் மாட்டுவது என்றும், உறுப்பினர்களே மனித மாதிரியாக இருப்பது என்றும் தீர்மானமாயிற்று. தூங்குவதற்கென்று தனி ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. அவியலும் பாயசமுமாகச் சாப்பாடு முடிந்தது, இயக்குநர் 'வகைப்பாடும் வையகமும்' என்று உரையாற்ற எழுந்தார். கால் மணியில் ஒன்பது பேர் சாய்ந்தார்கள். இருபதாவது நிமிஷத்தில், ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில், எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையில் எங்கோ, ஞாலமாறனும் மேசைமேல் கவிழ்ந்து உறங்கினார்.

மண்டபம் அமைதியாயிற்று. சன்னல் வழியே வந்த வெயில் பத்து வழுக்கைத் தலைகளையும் பாரபட்சமில்லாமல் தடவியது. மின்விசிறி இல்லாத கொக்கியில் அந்த வாழைப்பூ மட்டும் லேசாக ஆடியது. விழித்திருந்த இரண்டு பெண்களும் திரையின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

முதல் புள்ளி வந்தது. இரண்டாவது வந்தது. பத்தும் வந்தன. ஒன்றையொன்று பார்க்கப் பிடிக்காத சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் போய் நின்றன.

"கூடலையே," என்றாள் செண்பகவல்லி.

"என்ன கனவு காணுதாங்கன்னு பாரு."

அவள் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டாள். எந்திரம் மீட்டெடுத்த கனவு மங்கலாகத் திரையில் விரிந்தது. மேடை, ஒலிபெருக்கி, மாலை. அடுத்தது. மேடை, ஒலிபெருக்கி, மாலை. மூன்றாவதில் மாலை கொஞ்சம் பெரிது. எல்லாக் கனவும் ஒரே கடையில் வாடகைக்கு எடுத்த சாமான் மாதிரி இருந்தது. ஆனால் மேடைக்குக் கீழே, எந்தக் கனவிலும், ஒரு ஈ காக்கை இல்லை.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "யார் கனவுலயும் யாரும் இல்லையேம்மா. இவரு கோட்பாட்டுப்படி இவங்க பத்துப் பேரும் பத்து இனம். ஒவ்வொண்ணுலயும் ஒரேயொரு உயிர்." வலைப்பின்னலை மடியில் போட்டார். "பாவம், அழியிற நிலைதான் எல்லாம்."

சிரிக்கலாம்தான். ஆனால் செண்பகவல்லி பத்தாவது புள்ளியைத் தொட்டிருந்தாள். அது இயக்குநர். மேடையில் அவர் பேசிக்கொண்டேயிருந்தார். பேசிவிட்டு, நிறுத்தி, தலையைச் சாய்த்து எதற்கோ காத்திருந்தார். எதுவும் திரும்பி வரவில்லை. மறுபடி பேசினார், இன்னும் உரக்க.

விழித்தவர்கள் திரையைப் பார்த்தார்கள். எந்திரம் தவறு என்றால் புதிய இனமும் தவறு, அமைச்சரின் பெயரும் தவறு. எந்திரம் சரி என்றால் இந்தப் பத்தும் சரி. சபை இரண்டையும் ஏற்காமல் மூன்றாவதாக ஒரு தீர்மானம் போட்டது. எண் 48 அந்த இனத்தைச் சேர்ந்தது என்பது உறுதிசெய்யப்படுகிறது. ஏனையோர் குறித்து ஆய்வு தொடரும். மாதிரி உயிர் தன் இயல்பான வாழிடத்தில் நாள்தோறும் உறங்கிவரும்வரை ஜாடி தேவையில்லை.

ஒரு படிவம் வந்தது. 'கீழே கையொப்பமிட்டுள்ள நான், மனித இனத்தின்மீது எனக்குள்ள உரிமையை எவருடைய வற்புறுத்தலுமின்றிக் கைவிடுகிறேன்.'

"யோசிச்சுப் போடு தாயி," என்றார் ஞானாபாய் டீச்சர், குரலைத் தாழ்த்தி. "ஓட்டுப் போயிரும். ரேஷன் கார்டுல பேரு போயிரும். பஸ்ல ஏறினா கண்டக்டர் உனக்கு லக்கேஜ் போடுவான். இதெல்லாம் தமாஷ் இல்லை, கெசட்டுல வரும். இவனுக திரும்ப எடுக்க மாட்டானுக."

"போடலைன்னா டீச்சர்?"

"போடலைன்னா நாப்பத்தேழு."

செண்பகவல்லி படிவத்தைப் பார்த்தாள். அதிலும் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. முப்பது வருஷமாக இந்தக் கட்டிடத்தில் பேசியதையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். காலை வணக்கம் சார். இதைப் பாருங்க சார். இது வேற சார். எது திரும்பி வந்தது? வாசலில் ஜீப்பில் சாய்ந்து நின்ற மாசானத்தைச் சன்னல் வழியே கூப்பிட்டாள்.

"ஏங்க, போட்டுரட்டா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எனக்குச் சோறு யாரு போடுவா?"

"நீங்கதான். முப்பது வருஷம் நான் போட்டாச்சு."

"ம்," என்றார். பிறகு, "போடு. பேனா எழுதுதான்னு பாத்துட்டுப் போடு" என்றார்.

படிவம் போன வேகத்தில் விளைவுகள் வந்தன. தாலுகா ஆபீஸில் அவள் பெயரை எந்தப் பத்தியில் எழுதுவது என்று மூன்று கிளார்க்குகள் கூடிப் பேசினார்கள். சாதிச் சான்றிதழ் செல்லுமா என்று ஒருவர் கேட்டார். வௌவாலில் அப்படி ஒன்றும் இல்லை என்று செண்பகவல்லி சொன்னதும், "அப்ப எப்படித்தான் பழகுதுக?" என்று உண்மையாகவே வியந்தார். நாலாம் நாள் வீட்டுக்கு ஒரு வனக்காவலர் வந்தார். பட்டியலில் உள்ள அரிய உயிரை வீட்டில் வைத்திருப்பது ஜாமீனில் வரமுடியாத குற்றம் என்று மாசானத்திடம் தெரிவித்தார். மாசானம் அவரோடு வாசலில் ஒரு மணி நேரம் வாதாடிப் பார்த்தார். "தாலி கட்டியிருக்கேன்யா" என்றார். "உயிரினத்துக்குக் கயிறு கட்டுவது தனிக் குற்றம்" என்றார் காவலர், குறித்துக்கொண்டே.

ஆகவே செண்பகவல்லி சுரங்கத்துக்குக் குடிபோனாள். காவலர் கடைசியில் மனமிரங்கி மாசானத்துக்கு ஓர் அட்டை வாங்கிக்கொடுத்தார்: 'உணவளிப்பவர்'. அவர் சுரங்க வாயிலில் ஜீப்பை நிறுத்தி, அடுப்பு மூட்டி, குழம்பில் உப்பை அள்ளிப்போட்டு, தட்டோடு உள்ளே வருவார். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். ஆறு மணிக்குப் பார்வை நேரம் முடிந்தது என்று காவலர் விசிலடிப்பார். அப்போது மட்டும் மாசானம் எழுந்து போவது கொஞ்சம் தாமதமாகும்.

அவள் வருத்தப்பட்டாளா? பட்டாள். வீட்டுக் கொடியில் அவள் சேலைகள் இல்லாமல் வெறும் வேட்டியாகக் காய்வதாக அவர் சொன்ன அன்று நிறையவே பட்டாள். ஆனால் துளையிடும் எந்திரங்கள் லாரியேறிப் போய்விட்டன. உரைப் பெட்டகம் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய மீன் குளிர்கிடங்குக்கு மாறிவிட்டது. கூரையில் நாற்பத்தேழும் தோள்மேல் விரல் வைத்துத் தொங்கின. ஒன்றின் வயிறு லேசாகப் பருத்திருந்தது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், அடைமழை. சுரங்க வாயிலில் குடையோடு ஒருவர் நின்றார். ஞாலமாறன். பின்னால் கார் இல்லை, உதவியாளர் இல்லை. கக்கத்தில் ஒரு தலையணை, நனையாமல் பாலிதீன் பையில் சுற்றியது.

"ஆய்வின் பொருட்டு..." என்று தொடங்கினார். பிறகு அவளைப் பார்த்துவிட்டு, குடையை மடக்கினார். "எங்கம்மா படுக்கணும்?"

அவள் காரணம் கேட்கவில்லை. சாக்கைப் பாதி நகர்த்தி இன்னொன்றை விரித்தாள். அவர் படுத்தார். புரண்டார். தொண்டையைச் செருமினார்.

"உண்மையில் இந்த வாழிடத்தின் தட்பவெப்பக் கூறுகளை நோக்குங்கால்..."

"சார், பேசாதீங்க. நீங்க பேசுறது அதுகளுக்குக் கனவுல சுவராத் தெரியும். ஒரே சுவரா வளந்துக்கிட்டே போகும். பாவம், சுத்திப் போகத் தெரியாம முட்டிக்கும்."

ஞாலமாறன் வாயைத் திறந்தார். மூடினார். நாற்பது வருஷ மேடை வாழ்வில் அவரை இடையில் நிறுத்தியவர் யாருமில்லை. மழைச்சத்தம் மட்டும் இருந்தது. "எனக்குத் தனியாத் தூக்கம் வர்றதில்லம்மா இப்போ," என்றார், மிக மெதுவாக, சுவர் எதுவும் முளைக்காத அளவு மெதுவாக. சிறிது நேரத்தில் குறட்டை வந்தது.

செண்பகவல்லி, மண்டபத்திலிருந்து மறுபடி சுரங்கத்துக்கே வந்துவிட்ட எந்திரத்தின் திரையைப் பார்த்தாள். குழியில் மொய்த்த கடுகு அப்படியே இருந்தது. மேல் மூலையில் ஒரு புதுப் புள்ளி மின்னத் தொடங்கியிருந்தது. அது எந்தப் பக்கம் நகரும் என்று இன்னும் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். முப்பது வருஷமாக அவள் செய்த வேலையே அதுதான், எது எதோடு சேரும் என்று பார்த்து எழுதுவது.

எந்திரத்தின் வயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

பிறகு சாக்கில் சாய்ந்து கண்ணை மூடினாள். வெளியே மழை, இருட்டெல்லாம் சரிகை. அவள் ஒரு சின்னச் சத்தம் போட்டாள். அது நாற்பத்தேழு பேர்மேலும் பட்டுத் திரும்பி வந்தது. கொஞ்சம் தள்ளி, பறக்கத் தெரியாமல், தூணில் இடித்து வளைவில் உரசி, கனமான யாரோ ஒருவர் தடுமாறிக்கொண்டிருந்தார். அங்கே யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பக்கத்தில் போனவர்கள் சற்று விலகி இடம்விட்டார்கள்.